தேர் வர்ற தெருவுல நிக்கிற வண்டிக்கும் சொந்தக்காரன் இருக்கான் – திருவிழா கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

திருவிழா கமிட்டி பெரியவங்களுக்கும், மஞ்ச டீசர்ட் போட்டுக்கிட்டு தேருக்கு முன்னாடி வழி விலக்கிட்டு வர்ற வாலண்டியர் தம்பிங்களுக்கும், ரோட்டோரம் நின்னு சாமி பாக்குற நம்ம சனங்களுக்கும் வணக்கம்.

பங்குனி உத்திர நோட்டீஸ் வந்துச்சு. தேர் இந்த வருஷமும் எங்க தெரு வழியாத்தான் போகுதுன்னு போட்டிருக்கீங்க, சந்தோஷம், எங்க மாமியார் இப்பவே மஞ்சத்தண்ணி தெளிக்க சின்ன குடம் தேடிட்டு இருக்காங்க. நான் இத எழுதறது திருவிழா வேணாம்னு சொல்றதுக்கு இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா போன தடவ வாய தொறந்ததுக்கே "என்னம்மா, சாமி காரியத்துல குறுக்க பேசறே"ன்னு ஒரு பெரியவர் சொல்லிட்டு போயிட்டார். கோயில் பேரும் போடல, தெரு நம்பரும் போடல. ரங்கூன் டவுனுக்குள்ள தேர் நுழையற எந்த தெருவுக்கும் இது பொருந்தும்.

சொல்ல வந்தது ஒண்ணுதான். அடுத்தவங்க வண்டி மேல கை வைக்கறதுக்கு முன்னாடி அவங்கள கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்க. நேரமில்லன்னு மட்டும் சொல்லாதீங்க, தேர் என்னைக்கு எத்தன மணிக்கு எந்த முனையில திரும்பும்னு நோட்டீஸ் அடிக்கும்போதே உங்களுக்கு தெரியுது இல்ல.

டவுன்ல இல்லாதவங்களுக்காக எங்க தெருவ பத்தி கொஞ்சம். வெள்ளைக்காரன் 1852ல ரங்கூன புடிச்சதுக்கு அப்புறம் கட்டம் கட்டமா கோடு போட்டு வரைஞ்ச ஊரு இது, வரைஞ்சவங்கள்ல ஒருத்தர் ஃப்ரேசர், இப்ப நாம அனோரத்தா ரோடுன்னு சொல்றது அவர் பேருல ஃப்ரேசர் ஸ்ட்ரீட்டா இருந்ததுதான், எங்க மாமனார் கடைசி வரைக்கும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தார். அந்த கணக்குல நம்பர் போட்ட சின்ன தெருவுக்கெல்லாம் 30 அடிதான். குதிரை வண்டிக்கும் கை வண்டிக்கும் அது தாராளம். இப்ப அதே 30 அடியில ரெண்டு பக்கமும் ஆறு மாடி ஏழு மாடி, மாடிக்கு ரெண்டு குடும்பம், கீழ கடை, கடைக்கு முன்னாடி மோஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) அடுப்பு, அதுக்கு முன்னாடி ஜெனரேட்டர், மிச்சம் இருக்கறதுல கார். 2003லேர்ந்து டவுனுக்குள்ள மோட்டார் பைக் ஓட்டக்கூடாது, அதனால கையில கொஞ்சம் காசு சேந்தவன் நேரா காருக்குத்தான் போறான். அதுவும் 2011 செப்டம்பர்ல பழைய வண்டிய ஒப்படைச்சுட்டு வேற வண்டி வெளிநாட்டுலேர்ந்து எறக்கிக்கலாம்னு கவர்மெண்ட் தொறந்து விட்டாங்களே, அதுக்கப்புறம் ஜப்பான்ல ஓடி முடிச்சதெல்லாம் இங்க வந்து எறங்கி, ப்ரோபாக்ஸும் வேகன் ஆரும் ஹோண்டா ஃபிட்டுமா தெரு அடைச்சுப் போச்சு. அதுக்கு முன்னாடி ஒரு மக்கிப்போன மஸ்டா வச்சிருந்தவனே தெருவுல பெரிய மனுஷன்.

இப்படி இருக்கற தெருவுல வண்டிய தொடாதேன்னு எவனாலயும் சொல்ல முடியாது. எங்க பொழப்பே தொட்டுத்தான் நடக்குது. ஓரமா ஒரு வரிசை நிக்கும், அத மறிச்சு ரெண்டாவது வரிசை நிக்கும். ரெண்டாவது வரிசையில போடறவங்க ஹேண்ட்பிரேக் போடாம, கியர நியூட்ரல்ல விட்டுட்டு, சக்கரத்த நேரா வச்சுட்டு போகணும், உள்ள இருக்கறவன் வெளிய எடுக்கணும்னா அந்த வண்டிய அவனே தள்ளிவிட்டுட்டு எடுத்துக்குவான். யாரும் எழுதி வைக்கல, யாரும் மீறறதும் இல்ல. காலையில அஞ்சரை மணிக்கு கீழ எட்டி பாத்தா கைலிய மடிச்சு கட்டிட்டு ஒரு ஆளு அடுத்தவன் கார ரெண்டு அடி தள்ளுவான், அதுக்கடியில படுத்திருந்த நாய் எழுந்து சோம்பல் முறிச்சுட்டு அடுத்த காருக்கு அடியில போய் படுக்கும். சொந்தக்காரன் மேல தூங்கிட்டு இருப்பான். சண்டை கிடையாது. ஏன் கிடையாதுன்னா, நியூட்ரல்ல விட்டுட்டு போனாலே "தள்ளிக்கோ"ன்னு அவன் சொல்லிட்டு போனதா அர்த்தம், தள்ளறவனுக்கும் எங்க தொடணும், எது வரைக்கும் தொடணும்னு தெரியும்.

தள்ளறதுலயும் முறை இருக்கு, தம்பிங்களா, சிரிக்காம கேளுங்க. டிக்கி மூடி நடுவுல உள்ளங்கைய வச்சு பலமா அமுக்கினா தகடு குழி விழுந்துடும், இப்ப வர்ற வண்டித் தகடு அவ்வளவு மெல்லிசு. ஓரத்துல, பின் லைட்டுக்கு பக்கத்துல மடிப்பு வந்து கெட்டியா இருக்கற எடத்துல கை வச்சு, மெதுவா, உடம்பு பாரத்த குடுத்து தள்ளணும். ஸ்பாய்லர புடிக்கக்கூடாது, கண்ணாடிய புடிக்கவே கூடாது, ஒரு ஆளு எதுர நின்னு பாத்துக்கணும், ஏன்னா நகர ஆரம்பிச்ச வண்டி தானா நிக்காது. மோதிரம் போட்ட கையின்னா கொஞ்சம் பாத்து. கியர் பார்க்குல கெடந்தா எத்தன பேர் சேந்தாலும் உருளாது, பலவந்தமா இழுத்தா உள்ள பல்லு ஒடையும். எங்க கட்டடத்து கீழ மளிகைக்கடை வச்சிருக்கற சீன ஊலேக்கு (ஊலேன்னா மாமா மாதிரி) இதெல்லாம் அத்துப்படி, தெருவுல பாதி வண்டி அவர் கையாலதான் நகருது, ஒரு கீறல் விழுந்து நான் பாத்ததில்ல.

சரி, போன வருஷம் என்ன நடந்துச்சு. தேர் ரோட்டு முனைக்கு வந்தாச்சு, மேளம் கேக்குது, தெருவுல நாலு கார் ரெண்டாவது வரிசையில. மூணு கார் நியூட்ரல்ல கெடந்துச்சு, அழகா தள்ளினாங்க, சரி. நாலாவது ஒண்ணு பார்க்குல, யாரோ விருந்தாளி வண்டி போல. எந்த மாடின்னு யாருக்கும் தெரியல, தேடவும் இல்ல. எட்டு பத்து பேரு வளைச்சு நின்னு, பம்பருக்கு அடியில கைய விட்டு, "ஏலேலோ"ன்னு குதிக்க வச்சு குதிக்க வச்சு ஓரத்துக்கு ஒதுக்கினாங்க பாருங்க. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, கூட்டம் கை தட்டுச்சு, எல்லாரும் ஃபோன தூக்கி வீடியோ எடுத்தாங்க. இந்த காலத்து பம்பர் பிளாஸ்டிக், உள்ள கிளிப்புலதான் நிக்குது, தூக்கறதுக்கு செஞ்சதே இல்ல. ஒரு பக்கம் கிளிப்பு தெறிச்சு பம்பர் பல்லிளிச்சுட்டு நின்னுச்சு. அந்த வண்டிய ஒதுக்கும்போது ஓரமா ஒழுங்கா நின்னுட்டு இருந்த எங்க வண்டியோட கண்ணாடி போச்சு.

எங்க வீட்டுக்காரர் அந்த வண்டியிலதான் டாக்சி ஓட்டறார். போனது இடது பக்க கண்ணாடி. "ஒரு கண்ணாடிதானே அக்கா"ன்னு ஒரு தம்பி சொன்னான். இந்த நாட்டுல அப்படி சொல்ல முடியாதுய்யா. 1970 டிசம்பர் 6ஆம் தேதி ராத்திரியோட ராத்திரியா இடது பக்கம் போயிட்டு இருந்த ரோட்ட வலது பக்கமா மாத்தினாங்க, ஆனா ஜப்பான்லேர்ந்து வந்த வண்டிக்கெல்லாம் ஸ்டீரிங் வலது பக்கம்தான். டிரைவர் உக்காந்திருக்கறது பிளாட்பாரம் பக்கம், பின்னாடி வர்ற வண்டி எல்லாம் முந்திட்டு போறது அவருக்கு எட்டாத இடது பக்கம். அந்த இடது கண்ணாடியிலதான் அவர் உசுரே இருக்கு. அது இல்லாம வண்டி எடுக்க மாட்டேன்னுட்டார், பழைய பார்ட்ஸ் கடையில அதே மாடலுக்கு தேடி, கலர் சேராம, வேற கலர்ல ஒண்ண மாட்டிட்டு இன்னைக்கும் ஓடுது. காசு கேட்டு இத எழுதல, அத அப்பவே விட்டாச்சு. எனக்கு இன்னும் ஆறாதது, எங்க வண்டி யாரோடதுன்னு அங்க நின்ன பாதி பேருக்கு தெரியும், நாங்க மூணாவது மாடி பால்கனியில நின்னு தேர் வர்றத பாத்துட்டு இருந்தோம், ஒருத்தர் அண்ணாந்து பாத்து கூப்பிட்டிருந்தா அவரே எறங்கி வந்து வண்டிய எடுத்திருப்பார்.

இன்னொண்ணு, கரண்ட்ல மடங்கற கண்ணாடிய கையால வெடுக்குன்னு மடக்காதீங்க. எல்லா வண்டியும் அத தாங்காது, உள்ள சின்ன மோட்டாரும் பல்சக்கரமும் இருக்கு, பலம் குடுத்தா கறக்குன்னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான், அதுக்கப்புறம் மடங்காது இல்ல மடங்கினது விரியாது. வைப்பர தூக்கி விட்டுட்டு போற பழக்கமும் சில பேருக்கு இருக்கு, "இந்த வண்டிய நகத்தணும்"னு அடையாளமாம். அது ஸ்பிரிங். தெரியாம கை பட்டு படார்னு விழுந்தா முன் கண்ணாடி விரிசல் விட்டுடும், வைப்பர் பத்தி இவ்வளவு போதும்.

இப்ப பொம்பளைங்களுக்கும் புள்ளைங்கள கூட்டிட்டு வர்றவங்களுக்கும், கோவிச்சுக்காதீங்க. சாமி தெரியலன்னு புள்ளைய தூக்கி அடுத்தவன் பானெட் மேல நிக்க வைக்கறீங்க. செருப்போட. புள்ள கனம் என்ன பெருசான்னு கேப்பீங்க, பானெட் தகட்டுக்கு அது பெருசுதான், அதுவும் குதிச்சு குதிச்சு "அரோகரா" போடற புள்ளைக்கு. அர்ச்சனை தட்ட வண்டி மேல வச்சுட்டு தலை பின்னல சரி பண்றீங்க, தட்டுல கற்பூரம் எரிஞ்சுட்டு இருக்கு. தட்டோட சூடு அடியில பெயிண்ட பொரிக்கும், வட்டமா ஒரு தழும்பு, பாலிஷ் போட்டா போகாது. மஞ்சத்தண்ணி வெள்ள வண்டி மேல காஞ்சா கறை. எலுமிச்சம்பழத்த வண்டி மேல வச்சு நசுக்கறது வேற. வெத்தலை மென்னுட்டு வண்டி ஓரமா துப்பறவங்க, நீங்க துப்பறது கீழன்னு நெனைக்கறீங்க, பாதி கதவுல. அதுல சுண்ணாம்பு இருக்கு, வெயில்ல காஞ்சா தேச்சாலும் நிழல் மாதிரி நிக்கும். இது திருவிழாக்கு மட்டும் இல்ல, வருஷம் பூரா நடக்கறதுதான், டீக்கடையில எடம் இல்லன்னு லாப்பேயே (பால் டீ) கிளாஸ கார் மேல வச்சுட்டு அரட்டை அடிக்கறது, தூசி படிஞ்ச பின் கண்ணாடியில விரலால காதலி பேர எழுதறது. தூசியில மணல் இருக்கு, நீங்க விரலால இழுக்கறப்போ அந்த மணல்தான் கீறுது, வண்டிய கழுவினா தூசி போயிடும், வெயில் சாய்ஞ்சு அடிக்கும்போது அவ பேரு தெரியும்.

"சாமி வர்றப்போ இதெல்லாம் பாக்கலாமா"ன்னு கேட்ட பெரியவருக்கு தனியா ஒரு பதில் இருக்கு. ஐயா, வண்டிய வெறும் தகடா இந்த ஊர்ல யாரும் பாக்கறதில்ல. பெகு போற ரோட்டுல ஷ்வே ஞாவுங் பின்னுன்னு ஒரு ஆலமரத்து நாட் (பர்மாக்காரங்களோட காவல் தெய்வம்) கோயில் இருக்கே, நீங்களும் பாத்திருப்பீங்க, பர்மாக்காரங்க புது வண்டி வாங்கினா அங்க ஓட்டிட்டு போயி, சாமிக்கு நேரா முன்னாடியும் பின்னாடியும் மூணு தடவ நகத்தி வண்டியவே கும்பிட வச்சுட்டு, செவப்பும் வெள்ளையுமா துணி கட்டிட்டு வர்றாங்க. நம்மாளுங்களும் போறாங்க, நாங்களும் போனோம், இங்க எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தினது பத்தாதுன்னு. எங்க எதிர் வீட்டு பர்மா அக்கா தெனமும் காலையில தன் வண்டி கண்ணாடி கம்பியில மல்லிப்பூ சுத்தி, தபியேன்னு சாமிக்கு வைக்கற தழை சொருகி, தண்ணி தெளிச்சுட்டுத்தான் போவாங்க. போன தேருக்கு யாரோ அந்த பூவ அவிழ்த்து தலையில வச்சுட்டு போயிட்டாங்க. நம்ம தேர்ல சாத்தின மாலைய எவனாவது உருவினா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. அந்த அக்கா ஒண்ணும் சொல்லல, சிரிச்சாங்க, ஆனா இந்த வருஷம் தேருக்கு முந்தின நாளே வண்டிய தங்கச்சி வீட்டுக்கு சஞ்சௌங் பக்கம் கொண்டு போய் விடப்போறதா சொல்றாங்க. நம்ம சாமி வருதுன்னு அக்கம்பக்கத்துல வண்டிய ஒளிச்சு வைக்கறது நமக்கு பெருமையா?

கார் வச்சிருக்கறவன் எப்படியாவது சமாளிச்சுக்குவான். எனக்கு ரொம்ப வருத்தம் சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டறவங்கள நெனச்சுத்தான். எங்க தெரு முனையில நிக்கற சைக்காவுல பாதிக்கு மேல வாடகை வண்டி, தெனம் இவ்வளவுன்னு முதலாளிக்கு கட்டிட்டு மிச்சத்த வீட்டுக்கு கொண்டு போறவங்க. அந்த வண்டி அமைப்பே தனி, சைக்கிளுக்கு பக்கவாட்டுல ஒரு சக்கரம் வச்சு, ரெண்டு பேரு முதுகோட முதுகு ஒட்டி உக்கார்ற மாதிரி சீட்டு. ஓட்டறவர் டீ குடிக்க போன நேரம் நம்ம சனம் என்ன பண்றாங்கன்னா, அத பெஞ்சு மாதிரி எண்ணி ஏறி உக்கார்றாங்க. ரெண்டு சீட்டுல நாலு பேரு. சைக்கிள் சீட்டுல ஒரு பையன், அவன் பெடல பின்னாடி சுத்து சுத்துன்னு சுத்துவான், செயின் கழண்டுடும். போன தேர் அன்னைக்கு ஒரு சைக்காவுல பின் சீட்டுல மட்டும் மூணு பேரு ஏறி நின்னு பாத்ததுல அந்த மூணாவது சக்கரத்தோட கம்பி வளைஞ்சு போச்சு. ஓட்டறவர் வந்து பாத்தார், வயசானவர், எல்லாரும் எறங்கிட்டாங்க, யாரும் "நான்தான்"னு சொல்லல. அவர் குனிஞ்சு சக்கரத்த கையால சுத்தி விட்டு பாத்தார், அது ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு எடத்துல போய் ஒரசி நிக்குது, திரும்பவும் சுத்தி விடறார், திரும்பவும் நிக்குது. அப்புறம் அந்த பக்கத்த கையால லேசா தூக்கிப் புடிச்சபடியே உருட்டிட்டு போனார். அன்னைக்கு அவருக்கு சவாரி நல்லா கெடைக்கற நாளு, ஊரே கோயிலுக்கு வருது. அந்த வாடகைய யாரு குடுத்தாங்க? கமிட்டியில அன்னதானத்துக்கு எத்தனையோ மூட்டை அரிசி எறங்குது, ஒரு சைக்கா சக்கரத்துக்கு ஒதுக்க முடியாதா? இத ஒரு கோரிக்கையாவே வைக்கறேன், சின்ன தொகை ஒண்ணு தனியா வச்சிருங்க, ஒடைஞ்சா அன்னைக்கே குடுத்துருங்க.

சைக்கிள்ல சாப்பாடு டெலிவரி பண்ற பசங்களும் இதுல மாட்டறாங்க. பைக் ஓட்டக்கூடாதுங்கறதால டவுன்ல அவங்க சைக்கிள்தான் மிதிக்கறாங்க, சைக்கிள ஓரமா சாத்திட்டு மாடி ஏறுவாங்க, லிஃப்ட் இல்லாத ஆறாவது மாடி, எறங்கி வர்றதுக்குள்ள வழியில நிக்குதுன்னு தூக்கி எங்கயோ போட்டிருப்பாங்க. எடுத்து ஓரம் வைங்க, வேணாம்னு சொல்லல, ஆனா எடுத்த எடத்துலயே ஒரு ஆளு நின்னு "தம்பி, அங்க வச்சிருக்கேன்"னு சொல்லணும். கியர் சைக்கிளா இருந்தா அந்த லீவர திருகி விளையாடாதீங்க, அடுத்து அவன் ஏறி மிதிக்கும்போது செயின் தாவும், நடு ரோட்டுல விழுவான்.

எல்லாத்தையும் தொடாதேன்னு சொல்றவ நான் இல்லன்னு முன்னாடியே சொன்னேன், தொடலாம்னு நான் நெனைக்கறதும் இருக்கு. கார் நிறுத்த எடம் புடிக்கறேன்னு பக்கெட், ஒடைஞ்ச நாற்காலி, சிமெண்ட் ஊத்தின டயர், இரும்பு ஸ்டாண்டுன்னு ரோட்டுல போட்டு வைக்கறாங்களே, அத தாராளமா தூக்கி ஓரம் போடுங்க. ரோடு அவங்க பாட்டன் சொத்து இல்ல. இதுக்கு எங்க தெருவுலயே பாதி பேரு என்கிட்ட சண்டைக்கு வருவாங்க, வரட்டும். ஆனா தூக்கி ஓரம் போடறதுக்கும் தூக்கிட்டே போறதுக்கும் வித்தியாசம் இருக்கு, போன வருஷம் காணாம போன நீல பக்கெட் யாரு வீட்டு பாத்ரூம்ல இருக்குன்னு எனக்கு தெரியும், பேர் சொல்லல. மரத்தடியில மண்பானை வச்சு தண்ணி ஊத்தி வைக்கறாங்களே, அத தொடலாமான்னு கேக்கவே வேணாம், அது வழிப்போக்கனுக்குத்தான் வச்சிருக்கு. குடிச்சுட்டு டம்ளர பழையபடி கவுத்து வச்சுட்டு மூடிய மூடுங்க.

கயிறு விஷயத்துக்கு வர்றேன். ஒவ்வொரு மாடி பால்கனியிலேர்ந்தும் ஒரு கயிறு தொங்குதே, மேல மணி கட்டி, கீழ கிளிப்பு மாட்டி. பேப்பர்காரர் பேப்பர மாட்டுவார், கரண்ட் பில்லு வரும், காய்க்காரம்மாவுக்கு காசு எறங்கும், சாவி எறங்கும். தேர் அன்னைக்கு அத இழுத்து இழுத்து மணி அடிச்சு விளையாடறது நம்ம புள்ளைங்களுக்கு ஒரு வாடிக்கையா போச்சு. ரெண்டாவது மாடியில படுக்கையில இருக்கற ஒரு பாட்டி ஒவ்வொரு தடவையும் மவன் வந்துட்டான்னு எழுந்திருக்கப் பாக்கறாங்க. கிளிப்புல மாட்டியிருந்த சாவிய ஒரு புள்ள எடுத்துட்டு போயி, ராத்திரி வரைக்கும் ஒரு குடும்பம் படிக்கட்டுல உக்காந்திருந்துச்சு. விளையாட்டுக்கு இழுக்காதீங்க. ஆனா வேலைக்கு இழுங்க, அதுக்குத்தான அது தொங்குது! ஒரு வண்டிய நகத்தணும்னா அந்த வீட்டு கயிற இழுங்க, மணி அடிக்கும், ஒரு தலை எட்டி பாக்கும், "அகோ (அண்ணா), வண்டி"ன்னு சொன்னா அடுத்த நிமிஷம் சாவிய தூக்கிட்டு ஓடி வருவாங்க. இவ்வளவு சுளுவா ஒரு வழி தலைக்கு மேல தொங்கிட்டு இருக்க, எதுக்கு பத்து பேரு சேந்து கார குதிக்க வைக்கணும்?

எந்த வண்டி எந்த கயிறுன்னு எப்படி தெரியும்னு கேப்பீங்க. தேருக்கு முந்தின நாள் சாயங்காலம் ரெண்டு தம்பிங்கள அனுப்புங்க, ஒரு பேனா, கொஞ்சம் துண்டு சீட்டு. நிக்கற வண்டிக்கெல்லாம் கட்டட நம்பர், மாடி, இடமா வலமா, எழுதி உள்பக்கம் டாஷ்போர்டு மேல வைக்க சொல்லுங்க. ஃபோன் நம்பர் போட இப்ப நெறைய பேருக்கு பயம், போட வேணாம், மாடி போதும். நோட்டீஸ தமிழ்ல மட்டும் அடிக்காதீங்க, பர்மாவுலயும் அடிங்க, எங்க தெருவுல நம்மாளுங்கள விட பர்மாக்காரங்க, சீனாக்காரங்க, பாய் வீடுங்கதான் அதிகம், அவங்க வண்டிதான் முக்கால்வாசி, அவங்களுக்கு தேர் எப்பன்னே மேளம் கேட்டாத்தான் தெரியும். உண்மைய சொன்னா நம்ம வாலண்டியர் தம்பிங்களுக்கே தமிழ விட பர்மா எழுத்துத்தான் சுளுவா வருது. சுவத்துல ஒட்டறப்போ மட்டும் அடுத்தவன் கடை ஷட்டர்ல ஒட்டாதீங்க, கோந்து போகாது.

வண்டிக்காரங்களும் கொஞ்சம் மனசு வைக்கணும், இல்லன்னு சொல்லல. முந்தின நாள் சொல்லியும் நடு ரோட்டுல போட்டு, பார்க்குல விட்டு, ஃபோன ஆஃப் பண்ணிட்டு மோல்மேன் ஊருக்கு போயிட்டா கமிட்டி என்னதான் பண்ணும். அந்த மாதிரி வண்டிக்கு வார்டு ஆபீஸ்ல முன்கூட்டியே சொல்லி வச்சு, அவங்க ஆளு ஒருத்தர், கட்டடத்து ஆளு ஒருத்தர் பக்கத்துல நிக்க, முன்னாடியும் பின்னாடியும் போட்டோ எடுத்துட்டு அப்புறம் நகத்துங்க. ரெண்டு பக்கமும் பேச்சு வராது.

சட்டம் பேசறவங்களும் கமிட்டியில இருக்காங்க, அதனால அதையும் சொல்லிடறேன். இங்க நடப்புல இருக்கற தண்டனைச் சட்டம் 1861லேர்ந்து வர்றது, வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு எழுதின அதே சட்டம்தான். அதுல 425ஆம் பிரிவு, நஷ்டம் வரும்னு தெரிஞ்சே அடுத்தவன் பொருள கெடுக்கறத குத்தம்னு சொல்லுது. தொட்டாலே குத்தம்னு எங்கயும் சொல்லல. ஆனா கிளிப்பு தெறிக்கும்னு இப்ப நான் எழுதிட்டேன், நீங்களும் படிச்சுட்டீங்க, இனிமே தெரியாதுன்னு சொல்ல முடியாது பாருங்க. சும்மா சொன்னேன், பக்கத்து வீட்டுக்காரன் மேல கேஸ் போடறதுக்கு யாருக்கு நேரம் இருக்கு, ஒரே படிக்கட்டுல ஏறி எறங்கறவங்க நாம.

வாலண்டியர் தம்பிங்களா, உங்கள கொறை சொல்லி எழுதின மாதிரி இருந்தா மன்னிச்சுக்குங்க, ராத்திரி பூரா தோரணம் கட்டிட்டு காலையில வெறும் காலோட தார் ரோட்டுல ஓடறது நீங்கதான்னு எங்க எல்லாருக்கும் தெரியும், பங்குனி வெயில்ல அந்த தார் எப்படி சுடும்னும் தெரியும். மூணாவது மாடி வலது பக்கம், பச்ச நைலான் கயிறு, எங்க வீடு. கமிட்டி கூட்டம் என்னைக்குன்னு முடிவானதும் அத ஒரு தடவ இழுங்க, துண்டு சீட்டு எழுதறதுக்கு நான் வர்றேன், முந்தின நாள் ராத்திரி வண்டி தள்ளறதுக்கு எங்க வீட்டுக்காரர் வர்றேன்னுட்டார், கீழ சீன ஊலேகிட்டயும் கேட்டு வச்சிருக்கேன். அவருக்கு மட்டும் தேர் முடிஞ்சதும் அன்னதானத்துலேர்ந்து வடை ஒரு நாலு எடுத்து வச்சிருங்க.